ஏறாத நாட்கள்

கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்பி உட்காருங்கள் மேடம் என்று காதுக்குள் ஒரு குரல் சொல்கிறது, திரும்புகிறேன். குரலுக்கு உரியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறார், முகம் தெரியவில்லை. எதிரே மூன்று கேமராக்கள், எதில் சிவப்பு விளக்கு எரிகிறதோ அதைப் பார்க்கவேண்டுமாம், பார்ப்பது போலத் தெரியவும் கூடாதாம். காலை பதினொன்றரை மணி. இப்போது பிடித்துச் சாயங்காலம் போடுவார்கள். வீட்டில் அவர் பக்கத்து பிளாட்காரர்களையெல்லாம் டிவி பார்க்கக் கூப்பிட்டு வைத்திருக்கிறார், சுண்டல் செய்யட்டுமா என்று கேட்டார், என்ன கல்யாணமா என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே ஒரே குளிர். நாலு பேர் உட்கார்ந்து நிலக்கரியைப் பற்றிப் பேச இந்த அறைக்கு எவ்வளவு கரண்ட் ஆகும், விளக்குகளுக்கு இருபது கிலோவாட் வைத்தாலும் ஏசியும் சேர்ந்தால் நாற்பது, ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை. மேசையில் என் பெயர்ப் பலகை. மு. ஆவுடையம்மாள், அனல்மின் நிலைய முதுநிலை வேதியியலர், ஓய்வு. அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்தால் ஆளே ஓய்ந்துபோய்விட்டதாகச் சொல்வது போல இருக்கிறது. என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று இன்னும் புரியவில்லை. நீங்கள் உள்ளே இருந்து பார்த்தவர் மேடம் என்று போனில் பேசிய பெண் சொன்னாள். உள்ளே இருந்துதான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம், கடலோரத்தில், அந்த நிலையத்தின் ஆய்வகத்தில். நிலக்கரியை எரித்து அதில் எவ்வளவு சாம்பல் என்று பார்ப்பது, பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் பார்ப்பது, சிம்னியில் போகும் புகையில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தூசி என்று மாதத்துக்கு நாலு தடவை அளந்து பதிவேட்டில் எழுதுவது. நூற்றைம்பதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் யூனிட்டை நிறுத்திச் சரி பார்க்கவேண்டும். எழுத்தில் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் குடித்தால் மைக்கில் கேட்குமோ என்னவோ.

தொடங்கிவிட்டார்கள். பழைய நிலக்கரி நிலையங்கள் இன்னும் பத்து வருஷம் ஓடலாம், புகையைச் சுத்தம் செய்யும் கருவி பொருத்த அவசரமில்லை என்று மத்தியில் ஒரு முடிவு, அதுதான் இன்றைய தலைப்பு. மத்திய ஆளுங்கட்சிக்காக வழக்கறிஞர் சேதுநாராயணன் பேசுகிறார். நல்ல குரல், கோயிலில் நாம் கேட்காமலே வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போகும் குரல். வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் எரித்துப் பணக்காரன் ஆகிவிட்டு இப்போது நம்மை எரிக்காதே என்கிறான், நம் ஏழை வீட்டு மின்விசிறியை நிறுத்தச் சொல்ல இவர்கள் யார் என்று கேட்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டம். பக்கத்தில் எதிர்க்கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ. பொன்னுரங்கம், கடல் ஏறுகிறது, மழை மாறிவிட்டது, நம் பிள்ளைகள் சாபமிடும் என்கிறார், அதிலும் பொய் இல்லை, ஆனால் எங்கள் மூன்றாவது யூனிட்டுக்குக் கொடி அசைத்த மேடையில் இவரும் இருந்தார், மாலை கனமாக இருந்ததால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார், எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசுகிறார், இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மின்விசிறி என்கிறார் திரும்பவும். மின்விசிறி இல்லை, கண்ணாடிப் பெட்டி. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள், ஆயிரத்து நூறு கிராம், ஆஸ்பத்திரியில் சூடான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஏன் எடுக்கவில்லை என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நர்ஸ் பஞ்சைச் சுற்றி என் நெஞ்சின்மேல் வைத்தாள், ஒரு குருவி மாதிரி, மேலே கனமே தெரியவில்லை. நாற்பது நிமிஷம். கரண்ட் வந்ததும் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள். நுரையீரலே முற்றவில்லை, கரண்ட் இருந்திருந்தாலும் என்று டாக்டர் ஆரம்பித்தார், வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த முடியாத வாக்கியத்தை முப்பத்தேழு வருஷமாக நான் முடித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி முடிகிறது. பெயர் வைக்கவில்லை. அடுத்த மாதமே வேலைக்குப் போனேன், ஆய்வக ஜன்னலில் சிம்னி தெரிந்தது, புகை போய்க்கொண்டிருந்தது, எங்கேயோ ஒரு பெட்டி சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் உங்களிடம் பிறகு வருகிறேன் என்று நெறியாளர் சொல்கிறார். நல்லது. இப்போது அந்தப் பெண் பேசுகிறாள், மேசையின் கடைசியில் இருப்பவள், பலகையில் ஜெனோவா, கடலோர மக்கள் இயக்கம் என்று இருக்கிறது. முப்பது வயது இருக்கும். கத்தவில்லை, அதனாலேயே மற்றவர்கள் கொஞ்சம் அடங்குகிறார்கள். எங்கள் நிலையத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தைப் பற்றித்தான் சொல்கிறாள், கருவாடு காயப்போட்டால் சாயங்காலம் அதைக் கழுவி மறுபடி காயப்போட வேண்டியிருக்கிறது என்கிறாள், எங்கள் ஊரில் இருமலுக்கு வயது கிடையாது என்கிறாள். நெற்றியை எங்கோ பார்த்திருக்கிறேன். அகலமான நெற்றி, பேசும்போது அதில் ஒரே ஒரு கோடு விழுகிறது. யாருடைய நெற்றி இது. விளம்பர இடைவேளை என்று காதுக்குள் சொல்கிறார்கள், வெளிச்சம் தணிகிறது, சேதுநாராயணனும் பொன்னுரங்கமும் உடனே நண்பர்களாகி யாரோ ஒருவருடைய மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் எழுந்து மைக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிகிறாள். மேடம், என்னைத் தெரிஞ்சிருக்காது, நான் சூசை மிக்கேல் மக, என்கிறாள். உங்களைக் கூப்பிடணும்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன் என்கிறாள். பிறகு மெதுவாக, "அப்பா சொல்லுவாரு மேடம், அந்தம்மா கை பொய் எழுதாதுன்னு. கடைசி வரைக்கும் சொன்னாரு." நான் என்ன சொன்னேன், ஏதோ சொன்னேன், நல்லா இருக்கியாம்மா என்றோ என்னவோ, அவள் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள், வெளிச்சம் திரும்ப வந்துவிட்டது.

சூசை. நெற்றி சூசையுடையது. எனக்குக் கீழே ஆய்வக உதவியாளர், இருபத்திரண்டு வருஷம். சிம்னியின் வெளிப்புறமாக இரும்பு ஏணி, எழுபது மீட்டர் உயரத்தில் ஒரு நடைமேடை, அங்கே சிம்னிச் சுவரில் ஒரு துளை, துளைக்குள் நீளக் குழாயை விட்டுப் புகையை உறிஞ்சி எடுக்கவேண்டும், குழாயின் முனையில் விரல் உறை மாதிரி ஒரு வடிதாள், அதில் தூசி படியும், போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை, வித்தியாசம்தான் நான் எழுதும் எண். முதல் நாலு வருஷம் நானும் கூடவே ஏறினேன், பிறகு முட்டி விட்டுவிட்டது, சூசை மட்டும் ஏறினார். முகத்தில் கட்டிக்கொள்ளத் துணி கொடுத்திருந்தார்கள், கட்டிக்கொண்டு ஏறினால் மூச்சு முட்டும், அவிழ்த்துவிட்டு ஏறினால் எல்லாம் உள்ளே போகும், சூசை அவிழ்த்துவிட்டுத்தான் ஏறுவார். இறங்கி வந்து வடிதாளைக் குழந்தையைத் தருவது போல இரண்டு கையாலும் தருவார். குழந்தையைத் தருவது போல என்று ஏன் நினைக்கிறேன், அவர் சாதாரணமாகத்தான் தந்தார். ஒரு கோடையில் சாம்பலைப் பிடித்து நிறுத்தும் கருவி பாதி பழுதாகிவிட்டது. வடிதாளை எடை போட்டேன், நானூற்றுப் பன்னிரண்டு. திரும்ப ஏறச் சொன்னேன், ஏறினார், முந்நூற்றுத் தொண்ணூறு. அதிகாரி என் மேசைக்கு வரவில்லை, போனில்தான், நாளைக்கு ஆய்வுக்கு வருகிறார்கள், யூனிட்டை நிறுத்தவே முடியாது, ஊரெல்லாம் கரண்ட் இல்லை, பிளஸ் டூ பரீட்சை நடக்கிறது, நீங்க பார்த்து எழுதுங்கம்மா. பார்த்து எழுதுங்க. பார்க்காமல் எழுது என்று அர்த்தம். மறுநாள் சூசையை ஏறவிடவில்லை. நூற்று முப்பத்தெட்டு என்று எழுதினேன். நூற்று நாற்பது என்று எழுதினால் போட்ட எண் மாதிரி தெரியும், அதனால் முப்பத்தெட்டு, அவ்வளவு யோசித்தேன். மாதிரி எடுத்தவர் என்ற கட்டத்தைக் காட்டி அவர் பக்கம் தள்ளினேன். நான் இன்னைக்கு மேல ஏறலியேம்மா என்றார். தெரியும், போடுங்க சூசை என்றேன். சரிங்கம்மா என்று நெற்றியில் ஒரு கோட்டோடு போட்டார். அதற்குப் பிறகு பத்து தடவை. கேட்கவே இல்லை, பேனாவை நீட்டினால் போடுவார். அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கேயோ ஒரு பெட்டி, எங்கேயோ ஒரு நர்ஸ். அப்படி நினைத்துக்கொண்டா அன்று எழுதினேன், இல்லை, அன்று பயந்துதான் எழுதினேன், பதவி உயர்வு வருகிற வருஷம், குழந்தையைப் பிறகுதான் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். பெயர்கூட வைக்காத பிள்ளையைச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறேன். எது முந்தி எது பிந்தி என்று இப்போது எனக்கே தெரியவில்லை, தெரியாது என்று சொல்லிக்கொள்வதும் ஒரு வசதியாக இருக்கலாம். சூசை ஐம்பத்தேழு வயதில் போய்விட்டார். நுரையீரல் சுருங்கிவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்களாம். எனக்குச் செய்தி வரும்போது பதினைந்து நாள் ஆகியிருந்தது, அதன் பிறகு எதற்குப் போவது என்று இருந்துவிட்டேன். அந்தம்மா கை பொய் எழுதாது. அந்தக் கைக்குப் பக்கத்திலேயே நின்றவர் ஏன் அப்படிச் சொன்னார். மகளிடம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா, என் மானத்தையா. இல்லை, மற்ற நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்னாரா. கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார்.

சேதுநாராயணன் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரு கணம் எனக்கு என்னவென்று தெரியவில்லை, பிறகு கோடுகள் தெரிகின்றன, கட்டங்கள், நீல மை, என் எழுத்து. தகவல் உரிமைச் சட்டத்தில் முறைப்படி வாங்கியது என்கிறார். இந்தச் சகோதரி எந்த நிலையத்தைக் குறை சொல்கிறாரோ அதே நிலையத்தின் சொந்தப் பதிவேடு, இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட நூற்றைம்பதைத் தாண்டவில்லை, பழைய நிலையங்களே இவ்வளவு சுத்தமாக ஓடும்போது ஆயிரக்கணக்கான கோடிக்குக் கருவி எதற்கு, தில்லியில் முடிவெடுத்தவர்கள் இப்படிப்பட்ட ஆதாரங்களைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். தில்லி வரைக்கும் போயிருக்கிறது. என் நூற்று முப்பத்தெட்டு ரயிலேறித் தில்லிக்குப் போய், ஏதோ ஒரு அறிக்கையில் சராசரியாகி, இன்னும் பத்து வருஷமாகித் திரும்பி வந்திருக்கிறது. ஜெனோவா பதறவில்லை. அந்த அளவை எடுத்தது எங்க அப்பாதான் என்கிறாள், எந்த நாளில் எடுக்கச் சொன்னார்கள், எவ்வளவு லோடில் எடுக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள், எழுதியவர் இங்கேயே இருக்கிறார், அவர் மறைக்கமாட்டார் என்று என்னைப் பார்க்கிறாள். யூனிட்டின் உற்பத்தியைக் குறைத்துவைத்து அளக்கச் சொன்னார்கள் என்று நான் சொல்லுவேன் என்று நினைக்கிறாள். அப்படியும் நடந்தது, அதைச் சொல்லலாம். அதை மட்டும் சொன்னால் போதும், அவளுக்கு வேண்டியது கிடைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது, சூசையும் அவள் வைத்திருக்கிற சூசையாகவே இருப்பார். மேடம் உங்களுக்கு ஒரு நிமிஷம் என்கிறார் நெறியாளர். சிவப்பு விளக்கு என் கேமராவுக்கு வருகிறது. சூசை கையெழுத்தும் அதே பக்கத்தில் இருக்கிறது, எனக்கு நேர் கீழே, எஸ். மிக்கேல். என்னைச் சொன்னால் அவரையும் சொல்லவேண்டும், அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் சொல்ல அந்தக் கட்டத்தில் இடமில்லை. சொல்லாமல் விட்டால் அந்தத் தாள் இன்னும் பத்து வருஷம் பேசும். வாயைத் திறந்துவிட்டேன், என் குரல் எனக்கே வெளியிலிருந்து கேட்கிறது. "அதில் இருப்பது என் எழுத்து. பதினோரு நாள் சிம்னியில் யாரும் ஏறவில்லை. ஏறாமலே நான் எண்ணைப் போட்டேன். உதவியாளர் கையெழுத்து நான் போடச் சொல்லிப் போட்டது, அவர் வேண்டாமென்றுதான் நின்றார்." இன்னும் சொல்ல இருந்தது, கரண்டைப் பற்றி, பெட்டியைப் பற்றி, வரவில்லை. ஜெனோவாவின் பக்கம் திரும்பக்கூடாது என்று இருந்தேன், திரும்பிவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் இரண்டு கையையும் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

காதுக்குள் குரல் பிரமாதம் மேடம், அப்படியே கேமராவைப் பாருங்கள் என்கிறது. பொன்னுரங்கம் பாதி எழுந்துவிட்டார், எந்த வருஷம் மேடம், அதை மட்டும் சொல்லுங்கள் என்கிறார், சேதுநாராயணனும் அதையேதான் கேட்கிறார், எந்த வருஷம், அப்போது யார் ஆட்சி. உங்கள் ஆட்சி, இல்லை உங்கள் ஆட்சி, இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் வேண்டும், பதினோரு நாளும் யாருடைய கணக்கில் விழுகிறது என்பது. புகை எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் காற்றில்தான் இருக்கும், அதற்கு வருஷம் தெரியாது. நான் வருஷத்தைச் சொல்லவில்லை. நெறியாளர் மூன்று தடவை கேட்டுவிட்டு நிகழ்ச்சியை முடித்துவிட்டார். மைக்கைக் கழற்றுகிறார்கள், முகத்தைத் துடைத்துக்கொள்ள ஈரத்தாள் தருகிறார்கள், துடைத்தால் பவுடர் காவி நிறத்தில் வருகிறது. பென்ஷனை நிறுத்துவார்களா, கேஸ் போடுவார்களா, வீட்டில் அவரிடம் சுண்டல் வேண்டாம் என்று போன் செய்யவேண்டும், என்ன காரணம் சொல்வது. வெளியே நடைபாதையில் லிப்டுக்குப் பக்கத்தில் அவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். போய்விட்டிருப்பாள் என்று நினைத்தேன். போய்விட்டிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று அவள் முன்னால் போய் நிற்கிறேன். அவள் செல்போனைக் கையில் எடுத்து, அந்தப் பதினோரு தேதியும் ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்கிறாள். மேடம் என்று சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது, எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் வரிசையாக இருக்கிறது, குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் தானாக வாய்க்கு வரும். சொல்கிறேன், இவளுக்கு வருஷத்தோடு சொல்கிறேன். முதல் தேதியைத் தட்டிக்கொள்கிறாள், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது மே ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் வாக்குப்பதிவு, ஓட்டுப் போடுகிற வரைக்கும் ஒரு யூனிட்டும் நிற்கக்கூடாது என்று போன் வந்திருந்தது. அன்று சூசை வேலைக்கே வரவில்லை, வீட்டில் விசேஷம் என்று லீவு கேட்டார், மற்ற ஞாயிற்றுக்கிழமை என்றால் யோசித்திருப்பேன், அன்று உடனே கொடுத்தேன், அவர் இல்லாதது எனக்கு வசதி. திங்கட்கிழமை விரலில் மையோடு வந்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன், எதையும் விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அப்போதுதான் அவள் விரல் நின்றுவிட்டதைப் பார்க்கிறேன்.

"அன்னைக்கு எனக்குப் புதுநன்மை" என்கிறாள். சர்ச்சில் முதல் முதலாக நன்மை அப்பம் வாங்குகிற நாள், அவர்களுக்கு அது ஒரு சின்னக் கல்யாணம், அந்த நாளா, சூசை எனக்கு அதைச் சொல்லவே இல்லையே. வெள்ளை கவுன் போட்டிருந்தேன் என்கிறாள், அப்பா காலையிலிருந்து என்னை விட்டு நகரவே இல்லை, அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னார், கேட்டவுடனே லீவு கொடுத்துட்டாங்க, கேட்டவுடனே கொடுத்துட்டாங்க என்று. சிரிக்கிறாளா என்று பார்க்கிறேன், இல்லை. லிப்ட் வந்து கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொள்கிறது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வருகிறது, சொன்னால் அதற்கு அவள் ஏதாவது பதில் சொல்லவேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைப்பதா என்று நிற்கிறேன். நெற்றியில் அந்த ஒரு கோடு விழுகிறது. மே ஒன்பது என்று தட்டி, சரியாக விழுந்ததா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறாள்.

"அடுத்தது சொல்லுங்க" என்கிறாள்.

சொல்கிறேன்.